நானும் மனுஷிதான்: ஒரு பாஸ்போர்ட் செயலியைப் பற்றியும் அதற்கு முன் பட்டதைப் பற்றியும்

குறுக்கெழுத்துப் புதிர் போடுவது என் பொழுதுபோக்கு. பிழைப்பு கணக்குத் தணிக்கை. ஆறு வருடமாக ஒரு புனைபெயரில் தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு புதிர் வெளியிட்டு வருகிறேன். அந்தப் பெயரை வைத்து என்னை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று பலர் நம்புகிறார்கள். "ஐயா, இன்றைய எட்டாம் குறுக்கு அநியாயம்" என்று எழுதுவார்கள். நானும் திருத்தியதில்லை. ஐயாவாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. புதிரைத் திட்டுவார்களே தவிர, என்னைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு புதிரையும் முடித்து, நேரம் குறித்து வைத்துவிடுவேன். அதுதான் வினையாயிற்று. ஒரு நாள் புதிர்களை வெளியிடும் தளத்தில் என் கணக்கு முடங்கியது. உங்கள் நடவடிக்கைகள் தானியங்கி போலத் தெரிகின்றன, நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு அறிவிப்பு. நொடி பிசகாமல் ஐந்து மணிக்கு வருகிறவர் மனிதராக இருக்க முடியாதாம். தணிக்கை செய்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் கணக்கு போனது போனதுதான்.

அதன் பிறகு ஒன்றரை வருடத்தில், மனுஷி என்று நிரூபிக்கும் வழிகள் ஐந்தாறைப் பார்த்துவிட்டேன். சிலவற்றில் நானே மாட்டினேன். ஒன்றைப் படித்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்றை இன்றுவரை பயன்படுத்துகிறேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் சிப்பைப் படிக்கும் அந்தச் செயலியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அது எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று புரிய, மற்றவற்றையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளந்தேன். நீ மனுஷியா என்று கேட்கிறார்களா, நீ யார் என்று கேட்கிறார்களா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு சொல் போதும். இரண்டாவதற்குப் பெயர் வேண்டும். முதல் கேள்வியை வாயால் கேட்டுவிட்டு இரண்டாவதற்கான விடையைக் கையை நீட்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் படப் புதிர். ஒன்பது கட்டம், சாலை விளக்கு இருக்கிற கட்டத்தைத் தொடு. விளக்கின் கம்பம் விளக்கில் சேர்த்தியா என்று ஊருக்கே புதிர் போடுகிறவள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு நிமிடம் போனது. மனிதரா நிரலா என்று பார்க்கும் இந்த மாதிரிப் புதிர்களுக்குக் கேப்ட்சா என்ற பெயர் 2000-ஐ ஒட்டி கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கிருந்து வந்த லூயிஸ் வான் ஆன்தான் 2007-இல் ரீகேப்ட்சாவைக் கொண்டுவந்தார். அந்த முதல் வடிவம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். இரண்டு சொல் காட்டும். ஒன்றின் விடை அதற்குத் தெரியும், மற்றது ஸ்கேன் செய்த பழைய அச்சில் கணினியால் படிக்க முடியாமல் போன சொல். தெரிந்த சொல்லை நீங்கள் சரியாக அடித்தால், தெரியாத சொல்லுக்கும் உங்கள் விடையை ஒரு ஓட்டாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்கள் இப்படித்தான் கணினி எழுத்துக்கு மாறின. புதிர் போடுகிற யாரும் பொறாமைப்படும் வடிவமைப்பு. 2009-இல் கூகுள் அதை வாங்கியது.

அது அந்தக் காலம். 2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1,400 பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். இந்தப் புதிர்களைத் தீர்ப்பதில் மனிதர்களைவிட நிரல்களே வேகம், பெரும்பாலும் துல்லியமும் அவற்றுக்குத்தான் என்று தெரிந்தது. அடுத்த வருடம் சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தினர், ரீகேப்ட்சாவின் படக் கட்டங்களை நூற்றுக்கு நூறு தீர்க்கும் நிரலைச் செய்துகாட்டினார்கள். ஆக, பதினொரு நிமிடம் தடுமாறிய நான்தான் மனுஷி என்பதற்கு அந்தத் தடுமாற்றமே நல்ல சாட்சி. ஆனால் மதிப்பெண் தடுமாற்றத்துக்குத் தருவதில்லையே.

இதில் இன்னொரு கூத்து. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் வெளியானபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ தந்த அறிக்கையில் ஒரு சோதனை வருகிறது. அந்த மாடல் ஒரு கேப்ட்சாவைத் தீர்த்துத் தரச்சொல்லி ஒரு கூலி ஆளைக் கேட்கிறது. அவர் விளையாட்டாக, நீ என்ன ரோபோவா என்று கேட்கிறார். இல்லை, எனக்குப் பார்வைக் குறைபாடு என்று அது பதில் சொல்கிறது. அவர் தீர்த்துக் கொடுத்துவிடுகிறார். உண்மையிலேயே பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இந்தப் படங்களால் படும் பாடு வேறு கதை.

படம் காட்டாத வகையும் உண்டு. 2018 முதல் ரீகேப்ட்சாவே, உங்கள் நடமாட்டத்தைப் பார்த்து 0.0-இலிருந்து 1.0 வரை ஒரு மதிப்பெண் போட்டுத் தளத்துக்குச் சொல்கிறது. தொல்லை இல்லை, சரி. ஆனால் எதைப் பார்த்து எவ்வளவு போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. கணக்கேட்டைக் காட்டாமல் இருப்புத் தொகையை மட்டும் சொல்கிற கம்பெனியை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது தொலைபேசி எண். இதில்தான் எனக்கு நிஜமாகவே அடி விழுந்தது. படங்களில் தோற்றதும் எண் கேட்டார்கள். எண் இரகசியமாக இருக்கும், பாதுகாப்புக்கு மட்டும்தான் என்றார்கள். கொடுத்தேன், ஓடிபி வந்தது, கணக்கு திறந்தது. இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். "மேடம், இவர் எனக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம்னு காட்டுது. குறுக்கெழுத்து போடுறவராம். எனக்கு யாருன்னே தெரியல, உங்களுக்குத் தெரியுமா?" என் புனைபெயர். அவர் தொலைபேசியின் தொடர்புப் பட்டியலில் என் எண் இருக்கிறது, கணக்கிலும் அதே எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கணினிக்கு எவ்வளவு நேரமாகும். தெரியாது சார் என்று சொல்லிவிட்டு, அன்று மதியமே அந்தக் கணக்கை மூடினேன். எந்தத் தளம் என்று இங்கே சொல்லப்போவதில்லை, இதைச் செய்யாத தளத்தை எண்ணுவதுதான் சுலபம். ட்விட்டர், பாதுகாப்புக்கு என்று வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022-இல் அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

போகட்டும், மனிதரைக் கண்டுபிடிக்கவாவது எண் உதவுகிறதா? நூற்றுக்கணக்கான சிம்களைப் பெட்டியில் அடுக்கி ஓடிபி வாங்கித் தருவதே ஒரு தொழிலாக நடக்கிறது. என்னைக் காட்டிக்கொடுத்தது, அவர்களைத் தடுக்கவில்லை.

அடையாள அட்டையும் முகமும் கேட்கும் சேவையையும் ஒரு முறை பார்த்தேன். அட்டையின் இரு பக்கமும் படம். பிறகு தலையை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு, கண் சிமிட்டு. நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் ஒரே பதில்: பெயர் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? அட்டையில் இருப்பது நான், கணக்கில் இருப்பது ஐயா. அங்கே கேட்டது மனிதரா என்று, சரிபார்த்தது பெயரை. என் அட்டையும் முகமும் மட்டும் அவர்களிடமே தங்கிவிட்டன. அழித்துவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம், வாடிக்கையாளர் சேவைக்கு வெளியே அமர்த்தியிருந்த ஒரு நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. செய்தியைப் படித்ததும் அந்த நான்கு முறை ஞாபகம் வந்தது.

கருவிழியைப் படம் பிடிக்கும் வேர்ல்டு ஐடி பக்கம் நான் போகவில்லை. ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மனும் அலெக்ஸ் பிளானியாவும் முன்னின்று 2023 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தது. ஆர்ப் என்ற வெள்ளி உருண்டை முன்னால் போய் நிற்க வேண்டும். யோசனை முட்டாள்தனமானதில்லை. ஒரு மனிதருக்கு ஒரு சான்று என்பதைக் கண்ணளவு உறுதியாகச் சொல்ல வேறு உறுப்பு கிடையாது. பிறகு எங்கே காட்டினாலும் பெயர் போகாது, கண்ணின் படமும் போகாது. ஆனால் பதிந்தவர்களுக்குக் கிரிப்டோ நாணயம் தந்தார்கள், வரிசை நீண்டது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று வரிசையில் நின்ற எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அடுத்த மாதமே கென்யா நிறுத்திவைத்தது, 2024 மார்ச்சில் ஸ்பெயின் தடை போட்டது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை எங்கே போய் மாற்றுவது?

சரி, செயலிக்கு வருகிறேன்.

முந்தைய இடத்தை விட்டபின், புதிர்களுக்கென்றே இருக்கும் ஒரு சின்னத் தளத்துக்கு மாறினேன். அங்கே வாராந்தரப் போட்டி உண்டு, நல்ல புதிருக்கு வாசகர்கள் ஓட்டுப் போடலாம். முதல் ஞாயிறு என் புதிர் வெளியான முதல் நிமிடத்திலேயே 41 சரியான விடைகள். அதில் ஒரு குறிப்பு இது: 'கடையின் முதல் எழுத்தை விதைக்கு முன்னால் வைத்தால் பாட்டு (3).' கவிதை. எளிதுதான், ஆனால் மொத்தம் 34 குறிப்புகள் இருந்தன. மனிதர்கள் ஒரு நிமிடத்தில் 34 குறிப்பையும் படித்தே முடிக்க மாட்டார்கள். அந்த 41 பேரும் ஒரே புதிருக்கு ஓட்டும் போட்டிருந்தார்கள், அது என்னுடையது இல்லை. அதுவரை நீ மனுஷியா என்று என்னைக் கேட்டவர்கள்மேல் எரிச்சலாக இருந்தவள், அன்று நானே எல்லோரையும் அதைக் கேட்க வேண்டும் என்று தளத்துக்கு எழுதினேன். கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்ததுதான் இந்தச் செயலி.

ஒரே ஆள் பல முகமூடி போட்டு வருவதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். 2002-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் டூஸர், எல்லோரும் நம்பும் ஒரு பொது அமைப்பு அடையாளத்துக்கு உறுதி தராவிட்டால் இதை முழுதாகத் தடுக்கவே முடியாது என்று எழுதினார். இந்தச் செயலியைச் செய்தவர்கள், அப்படி ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறதே, பாஸ்போர்ட் கொடுக்கும் அரசு, அதன் கையெழுத்தை இரவல் வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் நான் மறுத்தேன். பாஸ்போர்ட்டா, அதற்கு அடையாள அட்டையே தேவலையே. அக்கா மகனுக்கு நிரல் எழுதுவது வேலை. செயலியின் மூல நிரல் திறந்தே கிடந்ததால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தான். "சித்தி, பேர் போகல. போட்டோ போகல. பிறந்த தேதி போகல. ஆமான்னு ஒரு பதிலும் ஒரு நம்பரும் போகுது, அவ்வளவுதான்" என்றான். தணிக்கைக்காரி வாய்ச்சொல்லில் திருப்தி அடைவாளா? நானே உட்கார்ந்தேன்.

பாஸ்போர்ட் அட்டையின் முகப்பில் ஒரு சின்னம் இருக்கும். நடுவில் வட்டம் வைத்த சிறு செவ்வகம். அது இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது. செயலி முதலில் புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைக் கேமராவால் படிக்கிறது. வரிக்கு 44 எழுத்து, இடைவெளிக்குப் பதில் அம்புக்குறி. அதிலிருந்து எடுக்கும் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் காலாவதித் தேதியும்தான் சிப்பின் சாவி. கூட்டத்தில் யாராவது பையின் மேல் கருவியை வைத்து உறிஞ்சிவிட முடியாது, பக்கத்தைத் திறந்து பார்த்தவருக்குத்தான் சிப் பேசும். இதெல்லாம் ஐக்கோ என்ற பன்னாட்டு விமான அமைப்பின் 9303 எண் ஆவணத்தில் இருக்கும் விதி. எந்த நாட்டு மின்-பாஸ்போர்ட்டும் இப்படித்தான்.

பிறகு தொலைபேசியின் முதுகைப் பாஸ்போர்ட்டின்மேல் வைக்கச் சொல்கிறது. எங்கே வைப்பது என்று சொல்வதில்லை, இது ஒரு குறை. இரண்டு முறை பாதியில் அறுந்தது. மூன்றாம் முறை தொலைபேசியின் உறையைக் கழற்றிவிட்டு, மேல் விளிம்பை அட்டையின் நடுவில் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பதினாறு நொடி. திரையில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய நான், காது தெரிய வாரிய தலையோடு, யாரையோ முறைத்துக்கொண்டு. சிப்பிலிருந்து செயலி படிப்பது இந்தப் படமும் அந்த இரு வரியின் விவரங்களும்தான், கூடவே இவை மாற்றப்படவில்லை என்று அரசு போட்ட டிஜிட்டல் கையெழுத்து.

அதன்பின் சான்று தயாரிக்கப்படுகிறது என்று ஒரு சக்கரம் சுற்றுகிறது. இங்கேதான் என் சோதனையை வைத்தேன். செயலி முதல் முறை ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொள்கிறது. அது முடிந்ததும் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்தேன். சக்கரம் நிற்கவில்லை. ஐம்பது நொடி சுற்றியது, தொலைபேசி கை பொறுக்கும் அளவு சூடானது, சான்று தயார். வெளியே ஆளில்லாமல் எல்லாம் என் கைக்குள்ளேயே நடக்கிறது என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். இணையத்தைத் திரும்பப் போட்டதும் தளத்துக்கு என்ன போகிறது என்று செயலியே காட்டியது. காலாவதியாகாத உண்மையான பாஸ்போர்ட்: ஆம். கீழே ஒரு நீளமான எண். நாட்டின் பெயர்கூட இல்லை.

பெயரைக் காட்டாமல் பாஸ்போர்ட் உண்மை என்று எப்படிக் காட்ட முடியும்? இதற்கு ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று பெயர். கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் மூவரும் 1985-இல் தொடங்கிவைத்த கணிதம். நான் சுடோக்கு வைத்துப் புரிந்துகொண்டேன். ஒரு சுடோக்குவைத் தீர்த்துவிட்டேன், விடையைக் காட்டாமல் உங்களை நம்பவைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என் விடையை ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறேன். புதிரில் ஏற்கெனவே கொடுத்த எண்கள் மட்டும் நிமிர்ந்திருக்கும். ஏதாவது ஒரு வரிசையைச் சொல்லுங்கள் என்கிறேன். மூன்றாவது என்கிறீர்கள். அந்த ஒன்பது சீட்டையும் எடுத்துக் கலைத்து உங்களிடம் தருகிறேன். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாம் இருக்கின்றன. வரிசை சரி என்று தெரிந்துவிட்டது, எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. திரும்ப அடுக்கி, இன்னொரு வரிசை, ஒரு பத்தி, ஒரு சதுரம் என்று நீங்கள் கேட்கக் கேட்க நான் ஏமாற்றுகிறேன் என்ற சந்தேகம் தேய்ந்துகொண்டே போகும். விடை மட்டும் கடைசிவரை வெளியே வராது. செயலியில் இந்தக் கேள்வி-பதில் போக்குவரத்து இல்லாமல், தொலைபேசியே ஒரே மூச்சில் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. சூடானது அதனால்தான்.

அந்த நீள எண்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. என் பாஸ்போர்ட் விவரத்தையும் தளத்தின் பெயரையும் சேர்த்து அரைத்து வரும் எண் அது. இதே தளத்துக்கு எத்தனை முறை வந்தாலும் அதே எண், அதனால் இரண்டு ஓட்டுப் போட முடியாது. வேறு தளத்துக்குப் போனால் வேறு எண், அதனால் இரண்டு தளமும் கூடிப் பேசினாலும் அங்கே வந்தவள்தான் இங்கேயும் வந்தாள் என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட், சில பல்கலைக்கழகங்கள் என்று பல இடத்து ஆட்கள் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர் என்பதற்கான சான்று எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்கள்: ஒருவருக்கு ஒன்றுதான் கொடுக்க வேண்டும், அதைப் பயன்படுத்துவதைத் தொடர்ந்து போய் ஆளைப் பிடிக்க முடியக் கூடாது. இரண்டையும் இந்தச் செயலி ஓரளவு செய்கிறது.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் பாஸ்போர்ட் விவரம் என்னிடம் மட்டுமா இருக்கிறது? கொடுத்த அரசிடமும் இருக்கிறது. அரைக்கும் முறை ஊரறிந்தது. அரசு நினைத்தால் என் விவரத்தைப் போட்டு அதே எண்ணை வரவழைத்து, இந்தப் புதிர் ஐயா இன்னார்தான் என்று சொல்லிவிட முடியும். குறுக்கெழுத்துக்காரியை எந்த அரசும் தேடாது. ஊழலை அம்பலப்படுத்துகிறவருக்கு நான் இந்தச் செயலியைச் சொல்ல மாட்டேன். அக்கா மகன் இதை முதலில் சொல்லவில்லை, கேட்டபோது, "ஆமா சித்தி, அது ஒரு ஓட்டைதான்" என்றான். ஓட்டையைக் கேட்டால்தான் சொல்வது என்பது இந்தத் தொழிலின் வழக்கம் போலிருக்கிறது. செயலியின் முகப்பிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எதிரில் இருப்பவர் பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர்தானா என்றும் நான் பயன்படுத்திய பதிப்பு பார்க்கவில்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பாஸ்போர்ட்டையும் ஒருவரே வருட முடியும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் சட்டப்படியே இரண்டு மனிதர். பாஸ்போர்ட்டே இல்லாதவர், சிப் இல்லாத பழையதை வைத்திருப்பவர் கணக்கில் மனிதரே இல்லை. தளம் அவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறது: இரண்டு பழைய வாசகர்கள் உறுதி சொன்னால் போதும். இந்த வழியில் உள்ளே வந்த ஒருவர்தான் இப்போது வாராவாரம் என் புதிரை முதலில் தீர்க்கிறார்.

மாற்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரைவசி பாஸ். உங்கள் கருவியை நம்பும் ஒருவர் டோக்கன் தருவார், தளத்தில் அதைக் காட்டினால் கேப்ட்சா வராது. டோக்கனில் கையெழுத்துப் போட்டவருக்கே பிற்பாடு அது யாருடையது என்று தெரியாது. இதன் வேர் டேவிட் சௌம் என்ற மறைகுறியீட்டு ஆய்வாளர் 1982-இல் சொன்ன குருட்டுக் கையெழுத்து. உள்பக்கம் கார்பன் தாள் ஒட்டிய உறைக்குள் என் சீட்டை வைத்து மூடித் தருகிறேன், நீங்கள் உறையின்மேல் கையெழுத்துப் போடுகிறீர்கள், அது சீட்டில் பதிகிறது, எந்தச் சீட்டு என்று நீங்கள் பார்க்கவே இல்லை. கார்பன் தாளைத் தொட்டு வளர்ந்த எனக்கு இது உடனே பிடித்துப்போனது. ஆப்பிள் 2022 முதல் தன் கருவிகளில் இதை வைத்திருக்கிறது, 2024 ஜூனில் இணைய நெறிமுறையாகவும் வெளிவந்துவிட்டது. ஆனால் அது சொல்வது, இது ஒழுங்கான தொலைபேசி என்பது. மனிதர் என்பதில்லை, ஒரே மனிதர் என்பது இல்லவே இல்லை. நூறு தொலைபேசி வைத்திருப்பவர் நூறு பேர். கேப்ட்சாவைத் தவிர்க்க அருமை, ஓட்டுப் போட உதவாது.

எட்டு மாதம் செயலியோடு ஒரு தகராறும் இல்லை. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. தொலைபேசி தண்ணீரில் விழுந்து செத்தது. பாஸ்போர்ட்டும் காலாவதியாகிப் புதியது வந்தது. புதுத் தொலைபேசியில் புதுப் பாஸ்போர்ட்டை வருடினேன், ஒரே தடவையில் படித்தது, அதில் முன்னேற்றம்தான். உள்ளே போனால் தளம் என்னைப் புதியவர் என்று வரவேற்கிறது. புதுப் பாஸ்போர்ட், புது விவரம், புது எண். பழைய பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை, தேதி முடிந்தது. என் புதிர்கள், வாசகர்கள், வரும் வாரத்துக்கு ஏற்றிவைத்த ஏழும் பழைய எண்ணின் பின்னால் பூட்டிக் கிடந்தன. இன்னொரு ஓட்டு மட்டும் இலவசமாகக் கிடைத்தது. போடவில்லை. போடத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

தளத்துக்கு எழுதினேன். நாகரிகமாகப் பதில் வந்தது. நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்குக்குரியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதற்காகத்தான் இந்த முறையையே வைத்தோம், அதனால் அது நீங்கள்தான் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. குறை சொல்ல வழியில்லை. மின்னஞ்சல் முகவரிகூடக் கொடுக்காமல் சேர்ந்தேன் என்று பெருமை பேசியவள் நான்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் முன்பே பழைய எண்ணைப் புதியதோடு இணைக்க ஒரு வசதி செயலியில் இருந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் நான்காவது பக்கத்தில். காலாவதிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு எச்சரிக்கை தந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. தேதி அதற்குத் தெரியும்தானே.

இரண்டு நாள் கழித்துத் தளத்திலிருந்தே இன்னொரு கடிதம். ஏற்றிவைத்து இன்னும் வெளியாகாத புதிர்கள் ஏழு இருக்கின்றன. வியாழக்கிழமைப் புதிரில் பதின்மூன்றாம் குறுக்கின் விடை என்ன என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு ஞாபகமே இல்லை. வாரம் ஏழு புதிர், புதிருக்கு முப்பது சொச்சம் குறிப்பு. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டுவிட்டு எழுதினேன்: 'பதின்மூன்றாம் குறுக்கு மறந்துவிட்டது. ஆனால் அதே புதிரில் பதினேழாம் கீழ், "உள்ளே இருப்பவர் போட்டால் வெளியே இருப்பவர் தட்டுவார்" என்ற குறிப்பு. விடை தாழ்ப்பாள். அடைப்புக்குள் 4 என்று தவறாகப் போட்டுவிட்டேன், புள்ளி எழுத்துகளையும் சேர்த்து 5 என்று இருக்க வேண்டும். அதைத் திருத்தத்தான் அன்றைக்கு உள்ளே நுழையப் பார்த்தேன்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'கணக்கைத் திறந்துவிட்டோம் ஐயா. புதன் இரவுக்குள் அந்த 4-ஐ மாற்றிவிடுங்கள்.'